திரும்பத் திரும்ப வரும் நீர்க்கடுப்பு: எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் சரியாகுமா?

கேள்வி: எனக்கு வயது 53. பள்ளி ஆசிரியை. மாதவிடாய் நின்று மூன்று வருடங்கள் ஆகின்றன. கடந்த ஓராண்டில் நான்கு முறை சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் குறைகிறது. இரண்டு, மூன்று மாதங்களில் மறுபடி வருகிறது. சர்க்கரை இல்லை, ஸ்கேனில் கல்லும் இல்லை. ‘உடம்பில் எதிர்ப்பு சக்தி இல்லை’ என்று எல்லோரும் சொல்வதால் டானிக், பவுடர் என்று நிறையச் செலவு செய்துவிட்டேன். அம்மை ஒரு முறை வந்தால் மறுபடி வருவதில்லை என்கிறார்களே, இந்தத் தொற்றை மட்டும் உடம்பு ஏன் நினைவில் வைத்துக்கொள்வதில்லை? கடைசி முறை மருந்து முடித்த பிறகு எடுத்த கல்ச்சரில் கிருமி இல்லை என்று வந்துள்ளது. ஆனால் பஸ் செல் 6–8 என்று இருக்கிறது, எரிச்சலும் மூன்று வாரங்களாக விடவில்லை. இன்னொரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருப்பதையும் உடன் அனுப்பியிருந்த பரிசோதனை முடிவுகளையும் வைத்துப் பார்க்கும்போது, உங்கள் எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்று சொல்ல எந்த முகாந்திரமும் இல்லை. உண்மையிலேயே எதிர்ப்பு சக்தி குன்றியவர்களுக்குத் தொற்று சிறுநீர்ப்பையோடு நிற்பதில்லை. நுரையீரல், தோல், வாய் என்று பல இடங்களில் வரும், வழக்கத்துக்கு மாறான கிருமிகளால் வரும், சாதாரண மருந்துக்கு எளிதில் அடங்காது. உங்களுக்கு நான்கு முறையும் வந்தது ஒரே இடத்தில். கல்ச்சர் செய்த இரண்டு முறையும் வளர்ந்தது, இத்தொற்றுக்கு மிகப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் ஈ. கோலை என்ற குடல்வாழ் பாக்டீரியாதான். ஆகவே டானிக்கையும் பவுடரையும் இன்றே நிறுத்திவிடலாம், பணமாவது மிச்சமாகும். சிறுநீர்ப்பையின் எதிர்ப்பு அணுக்கள் தம் வேலையைச் செய்கின்றன என்பதற்கு உங்கள் ரிப்போர்ட்டிலேயே சான்று இருக்கிறது. அவை எந்தக் கட்டுப்பாட்டுக்குள் வேலை செய்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால் உங்களுடைய மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெண்களின் சிறுநீர்க் குழாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளம்தான். குடலில் சாதுவாக இருக்கும் ஈ. கோலை ஆசனவாய்ப் பகுதியிலிருந்து பிறப்புறுப்பின் வாயிலுக்கும், அங்கிருந்து இந்தக் குறுகிய குழாய் வழியே பைக்குள்ளும் ஏறிவிடுவது பெண்களின் வாழ்வில் எத்தனையோ முறை நிகழ்கிறது. பெரும்பாலான தடவை நமக்குத் தெரிவதே இல்லை. அடுத்த முறை சிறுநீர் கழிக்கும்போது அடித்துக்கொண்டு போய்விடுகிறது. போகாமல் ஒட்டிக்கொள்ளும் வகை ஈ. கோலைதான் தொல்லை தருவது. அதன் உடலெங்கும் மயிரிழை போன்ற நுண்ணிய இழைகள் உண்டு. அந்த இழைகளின் நுனியில் இருக்கும் ஃபிம்ஹெச் என்ற புரதம், சிறுநீர்ப்பையின் உட்சுவர் அணுக்களின் மேற்பரப்பில் உள்ள மேனோஸ் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது.

இதைத் தடுப்பதற்குச் சிறுநீரிலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1950-இல் இகோர் டாம், ஃபிராங்க் ஹார்ஸ்ஃபால் என்ற இருவர் ஃப்ளூ வைரஸைப் பற்றிய ஆய்வினூடே சிறுநீரிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் பெயராலேயே அழைக்கப்படும் அந்தப் புரதத்தைச் சிறுநீரகம் நாள்தோறும் சுரந்து சிறுநீரில் கலக்கிறது. நலமாக இருப்பவரின் சிறுநீரில் மிக அதிகமாக இருக்கும் புரதம் இதுதான். இதன் மேலும் அதே மேனோஸ் இருப்பதால், சுவரைப் பற்ற வேண்டிய பாக்டீரியா இதைப் பற்றிக்கொண்டு சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது. நிறையத் தண்ணீர் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள் என்று நாங்கள் சலிக்காமல் சொல்வது இந்த ஏற்பாடு தடையின்றி நடக்கத்தான்.

இதையும் மீறிச் சுவரில் ஒட்டிய பாக்டீரியா அங்குள்ள அணுக்களுக்கு உள்ளேயே நுழைந்துவிடும். சிறுநீர்ப்பையின் உட்சுவரில் மேலே விரிந்திருப்பவை குடையணுக்கள். உள்ளே நுழைந்த பாக்டீரியா அங்கே பெருகிக் கூட்டமாகத் தங்கிவிடும் என்பதை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் எலிகளில் காட்டினார்கள். சில ஆண்டுகள் கழித்து, தொற்று வந்த பெண்களின் சிறுநீரில் உதிர்ந்து கிடந்த அணுக்களிலும் இத்தகைய கூட்டங்களைக் கண்டார்கள். இதற்கு உடம்பு தரும் பதில் கடுமையானது. தொற்றிய குடையணுக்கள் தம்மைத் தாமே சுவரிலிருந்து பெயர்த்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பாக்டீரியாக்களோடு சேர்ந்து சிறுநீரில் போய்விடுகின்றன. நீர்க்கடுப்பின்போது ஏற்படும் எரிச்சலில் ஒரு பங்கு, இப்படித் தோலுரிந்த சுவரின் மேல் சிறுநீர் படுவதால் வருவது. ஆனால் மேலடுக்கு உதிரும்போது அடியிலுள்ள இளம் அணுக்கள் வெளிப்பட்டுவிடுகின்றன. பாக்டீரியாக்களில் சில அவற்றுக்குள் இறங்கி, பெருகாமலும் சாகாமலும் வாரக்கணக்கில் உறங்கிக் கிடக்கலாம். பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளால் அங்கே இருப்பவற்றை முழுமையாக எட்ட முடிவதில்லை. மருந்து முடிந்த பிறகு அதே கிருமி மறுபடி தலைதூக்குவதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம், அது குடலில் எப்போதும் கையிருப்பாக இருந்து புதிதாக ஏறி வருவது.

இனி நீங்கள் கேட்ட எதிர்ப்பு அணுக்கள். குடையணுக்கள் பாக்டீரியாவின் மேலுறையை அடையாளம் கண்டதுமே சில வேதிச் செய்திகளை வெளியிடுகின்றன. அதைக் கேட்டு முதலில் பெருந்திரளாக வருபவை இரத்தத்திலுள்ள நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள். உங்கள் ரிப்போர்ட்டில் பஸ் செல் என்று எழுதியிருப்பது இவற்றைத்தான். முதல் தொற்றின்போது எடுத்த ரிப்போர்ட்டில் ‘40–50’ என்று இருந்ததைக் கண்டு பயந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். நுண்ணோக்கியில் ஒரு பார்வைப் பரப்புக்குள் நாற்பது, ஐம்பது வெள்ளையணுக்கள் தென்படுமளவுக்கு அவை சிறுநீர்ப்பைக்குள் இறங்கியிருந்தன என்பதே அதன் பொருள். இந்த அணுக்கள் குறைந்துபோனவரின் ரிப்போர்ட் அப்படி இருக்காது.

இந்த நியூட்ரோஃபில்கள் வந்தவுடன் சண்டையில் இறங்கிவிடுவதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வியப்பூட்டும் செய்தி. ஜெர்மனியில் பான் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2014-இல் எலிகளின் சிறுநீர்ப்பையில் இதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார்கள். சுவருக்கு அடியில் நிரந்தரமாகக் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுக்கள் முதலில் தொற்றை உணர்ந்து, நியூட்ரோஃபில்களையும், இரத்தத்திலிருந்து வேறொரு வகை மேக்ரோஃபேஜ்களையும் வரவழைக்கின்றன. வந்த நியூட்ரோஃபில்கள் சுவரின் அடித்தளச் சவ்வுக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. புதிதாக வந்த மேக்ரோஃபேஜ்களும் தொற்று உண்மைதான் என்று உறுதிசெய்து டி.என்.எஃப். என்ற பொருளைச் சுரந்தால்தான், குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் அடுத்த செய்தியை வெளியிடும். அந்தச் செய்தி கிடைத்த பிறகே நியூட்ரோஃபில்கள் சவ்வைக் கரைக்கும் நொதியைச் சுரந்து மேலே ஏறுகின்றன. சங்கத்துக் காசோலையில் தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் வங்கியில் பணம் கொடுப்பார்கள் அல்லவா, அதே முறைதான். ஒரு கையெழுத்து போதாது என்று உடம்பு வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது: நியூட்ரோஃபில்கள் பாக்டீரியாவைக் கொல்லப் பயன்படுத்தும் நொதிகளும் வேதிப்பொருள்களும் நம்முடைய திசுவையும் அரிக்கக்கூடியவை.

அந்தக் கட்டுப்பாடு தவறினால் என்ன ஆகும் என்பதும் எலிகளில் தெரிந்திருக்கிறது. முதல் தொற்றில் அழற்சி மிகக் கடுமையாக மூண்ட எலிகளுக்கே தொற்று நாள்பட்டதாக மாறியது; பின்னாளில் மறுபடி தொற்று எளிதில் பற்றியதும் அவற்றைத்தான். அழற்சியைத் தணிக்கும் மருந்து கொடுத்தபோது அந்த ஆபத்து குறைந்தது. ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது’ என்ற பேச்சையே நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுதான் காரணம். எந்த அணுவை, எந்த நேரத்தில், எவ்வளவு கூட்டுவது என்ற கேள்விக்கு அந்த டானிக் பாட்டில் எதிலும் பதில் கிடையாது.

அம்மையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அம்மை வைரஸ் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவுவதால், நிணநீர் முடிச்சுகளில் உள்ள அணுக்கள் அதை நன்றாக அறிந்து, எதிர்ப்பொருள்களையும் நினைவணுக்களையும் உருவாக்கிவிடுகின்றன. சிறுநீர்ப்பையில் மட்டும் வரும் தொற்று பெரும்பாலும் மேற்சுவரோடு நின்றுவிடுவது. மேலும், இங்கே நினைவு உருவாவதைத் தடுக்கும் வேலையைச் சிறுநீர்ப்பையின் சொந்த அணுக்களே செய்கின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளில், சுவரிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் தொற்றின் முதல் சில மணி நேரங்களில் மற்ற அணுக்களைக் கூவி அழைப்பதும், பிறகு அவையே அழற்சியை அடக்கும் ஐ.எல்.-10 என்ற பொருளைச் சுரந்து, எதிர்ப்பொருள் உருவாவதற்கான ஏற்பாட்டை மட்டுப்படுத்துவதும் தெரியவந்தது. அதே பாக்டீரியா சிறுநீரகத்தைத் தொற்றியபோது எதிர்ப்பொருள்கள் உருவாயின. சிறுநீர்ப்பையோடு நின்றபோது உருவாகவில்லை. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் இன்னும் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். முதல் தொற்றுக்கு முன்பே எலிகளின் மேக்ரோஃபேஜ்களை நீக்கிவிட்டால், இரண்டாவது தொற்றை அந்த எலிகள் மேலும் நன்றாகச் சமாளித்தன. பாக்டீரியாக்களை மேக்ரோஃபேஜ்களே அள்ளி விழுங்கிவிடுவதால், அவற்றை நினைவணுக்களுக்கு எடுத்துக்காட்ட வேண்டிய வேறு அணுக்களுக்குப் போதிய அளவு கிடைப்பதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம்.

டியூக் ஆய்வாளர்களின் 2020-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று இதற்கான நியாயத்தைத் தொட்டுக் காட்டுகிறது. தொற்றுக்குப் பின் சிறுநீர்ப்பைக்கு வரும் டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்களில் பெரும்பகுதி, பாக்டீரியாவைக் கொல்ல உதவும் வகையைச் சேர்ந்தவை அல்ல. உதிர்ந்த சுவரை விரைவாக மறுபடி வளர்க்க உதவும் வகை. கழிவுகள் செறிந்த நீரைப் பல மணி நேரம் தாங்கி வைத்திருக்க வேண்டிய ஒரு பைக்கு, சுவரில் கசிவில்லாமல் இருப்பதுதான் முதல் தேவை. ஆகவே கிருமியை அடியோடு ஒழிப்பதைவிடச் சுவரை அடைப்பதற்கே அது முன்னுரிமை தருகிறது. சில பாக்டீரியாக்கள் தப்பி எஞ்சுவது அதற்காகக் கொடுக்கும் விலை. நினைவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சுவரிலேயே தங்கிவிடும் நினைவு டி அணுக்கள் எலிகளில் மறுதொற்றை எதிர்க்கின்றன என்று பின்னர் வந்த ஆய்வுகள் கூறுகின்றன. நாக்கின் அடியில் தெளிக்கும் தடுப்பு மருந்து போன்ற முயற்சிகள் சில நாடுகளில் புழக்கத்திற்கு வந்திருந்தாலும், உங்களுக்கு இப்போது அதுவரை போகத் தேவையில்லை.

ஏனென்றால், இந்த வயதில் உங்களுக்கு இது தொடங்கியதற்கு எளிய காரணம் ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்துவிடுகிறது. அதனால் பிறப்புறுப்பில் காவலாக இருந்த லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் குறைந்து, அமிலத்தன்மை போய், ஈ. கோலை அங்கே குடியேற இடம் கிடைக்கிறது. சிறுநீர்ப்பையின் சுவரணுக்கள் சுரக்கும் கிருமிக்கொல்லிப் புரதங்களும், அந்த அணுக்களை ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கும் புரதங்களும்கூட ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்தவை என்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். 1993-இல் வெளியான ஓர் ஆய்வில், உங்களைப் போல அடிக்கடித் தொற்று வந்த 93 பெண்களில் ஒரு பகுதியினருக்குப் பிறப்புறுப்பில் தடவும் எஸ்ட்ரியால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை) கிரீமும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத கிரீமும் கொடுத்தார்கள். மருந்தில்லாத கிரீம் தடவியவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 5.9 முறை தொற்று வந்தது. எஸ்ட்ரியால் தடவியவர்களுக்கு 0.5 முறைதான். எதிர்ப்பு சக்தியை உரிய இடத்தில் கூட்டுவது என்று ஒன்று உண்டென்றால் எனக்குத் தெரிந்தவரை இதுதான். உள்ளுக்குச் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரை இந்தப் பயனைத் தருவதில்லை. தடவும் கிரீமிலிருந்து இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. நீங்களாகக் கடையில் வாங்காமல் மகப்பேறு மருத்துவரைப் பார்த்துக் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவரென்றாலோ, காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருந்தாலோ அதை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. பல்கேரியாவில் 140 பெண்களிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பழக்கமுள்ளவர்களில் ஒரு பகுதியினரை நாள்தோறும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடிக்கச் சொன்னார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது, வழக்கம்போலவே குடித்த மற்றவர்களுக்கு 3.2 முறை. ஆய்வில் இருந்தவர்கள் மாதவிடாய் நிற்காத பெண்கள் என்றாலும் உங்களுக்கும் இது பொருந்தும் என்றே கருதுகிறேன். காலை எட்டரைக்குப் பள்ளிக்குப் போனால் மாலை நான்கரைக்கு வீடு திரும்பும்வரை கழிப்பறைக்குப் போவதில்லை, அதற்காகவே தண்ணீர் குடிப்பதில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். எட்டு மணி நேரம் தேங்கும் சிறுநீரில், மேலே சொன்ன அத்தனை அணுக்களும் சேர்ந்தாலும் சமாளிக்க முடியாத அளவுக்குப் பாக்டீரியா பெருகிவிடும். பள்ளியில் ஆசிரியைகளுக்கென்று பூட்டித் திறக்கும் கழிப்பறை ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெறுவது வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறையாவது போய்வாருங்கள்.

டி-மேனோஸ், கிரான்பெர்ரி கலந்த பவுடரை யாரோ எழுதிக்கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். பாக்டீரியாவின் பிடியை மேனோஸைக் கொடுத்தே ஏமாற்றலாம் என்ற எண்ணம் அழகானதுதான். ஆனால் பிரிட்டனில் 598 பெண்களிடம் நடத்தி 2024-இல் வெளியான ஆய்வில், டி-மேனோஸ் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கிரான்பெர்ரிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. கிரீமுக்குப் பிறகும் தொற்று தொடர்ந்தால் மெத்தனமின் ஹிப்புரேட் என்ற மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். அது ஆன்டிபயாடிக் அல்ல, தினசரி ஆன்டிபயாடிக்குக்கு ஏறத்தாழ ஈடாகத் தொற்றைத் தடுக்கிறது என்று பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

கடைசிக் கேள்விக்கு விடை: இப்போது ஆன்டிபயாடிக் வேண்டாம். பஸ் செல் ஐந்து வரை இயல்பு என்றே பெரும்பாலான பரிசோதனைக் கூடங்கள் குறிப்பிடுகின்றன. ஆறு, எட்டு என்பது சுவர் ஆறிக்கொண்டிருக்கும்போதும் இருக்கலாம், மாதிரி சரியாகப் பிடிக்கப்படாததாலும் இருக்கலாம். அந்த ரிப்போர்ட்டிலேயே எபிதீலியல் செல் (மேற்பரப்பிலிருந்து உதிரும் அணு) 15–20 என்று இருக்கிறது. அத்தனை இருந்தால் அவை பெரும்பாலும் பிறப்புறுப்பின் தோலிலிருந்து கலந்தவை. அடுத்த முறை அந்த இடத்தைத் தண்ணீரால் கழுவி, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுங்கள். கிருமி இல்லாதபோதும் நீடிக்கும் எரிச்சலுக்கு வேறொரு விளக்கமும் உண்டு. அடிக்கடித் தொற்று வரும்போது சிறுநீர்ப்பைச் சுவரில் உணர்வு நரம்புகள் புதிதாகக் கிளைத்து, மாஸ்ட் செல்களோடு சேர்ந்து வலியையும் அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வையும் தூண்டுவதை டியூக் ஆய்வாளர்கள் 2024-இல் எலிகளிலும், நோயாளிகளின் திசு மாதிரிகளிலும் கண்டார்கள். எதிர்ப்பு அணுக்கள் விட்டுச்சென்ற தழும்பு என்று இதைக் கொள்ளலாம்; ஆன்டிபயாடிக்கால் அது ஆறாது. பிறப்புறுப்பு வறட்சியாலும் இதே எரிச்சல் வரும், அதற்கும் எஸ்ட்ரியால் கிரீம்தான் மருந்து. அறிகுறி இல்லாதபோது கல்ச்சரில் கிருமி வளர்ந்தாலும், கர்ப்பமோ சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சையோ இல்லையென்றால் மருந்து கொடுப்பதில்லை. அப்படிக் கொடுக்கப்பட்ட பெண்களுக்கே பிற்பாடு தொற்று அதிகமாக வந்தது என்பதை இத்தாலியில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இனி நீர்க்கடுப்பு வந்தால், மருந்தின் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே கல்ச்சருக்குக் கொடுத்துவிடுங்கள். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்க வேண்டாம். சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதை உங்கள் பழைய ஸ்கேனில் அளக்கவில்லை. ஒரு முறை அதைப் பார்த்துவிடுவது நல்லது. குளிருடன் காய்ச்சல், விலாப் பக்கத்தில் வலி, வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம் என்பதால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தொற்று இல்லாத நாளில் சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் அதைக் கடுப்பின் கணக்கில் சேர்க்காமல் சிறுநீரியல் நிபுணரிடம் தனியாகக் காட்டுங்கள்.